ஏழு நாளில் ஒரு சனிக்கிழமை

போன செமஸ்டர் என் ரூம்மேட்டின் அப்பா இறந்துபோனார். ஊருக்குப் போனவன் ஆறாவது நாள் ஹாஸ்டலுக்குத் திரும்பி வந்துவிட்டான். மறுநாள் லேப் எக்ஸாம். மொட்டைத் தலையோடு கதவைத் திறந்து உள்ளே வந்து பையை வைத்தான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. "ரெக்கார்டு நோட்ல சைன் வாங்கிட்டியாடா?" என்று கேட்டேன். "இல்ல" என்றான். அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க நாங்கள் ரெக்கார்டு நோட்டைப் பற்றி மட்டும்தான் பேசினோம்.

இது நடந்து ரெண்டு மாசம் கழித்து எனக்கு இன்டர்ன்ஷிப். எங்கள் ப்ராஜெக்டில் இஸ்ரேலிலிருந்து ஒரு சீனியர் இன்ஜினியர் இருந்தார். திடீரென்று ஒரு வாரம் அவர் மீட்டிங்குக்கே வரவில்லை. மெயில் போட்டால், அம்மா இறந்துவிட்டார், ஷிவாவில் இருக்கிறேன், இன்ன தேதி திரும்புவேன் என்று ஆட்டோ ரிப்ளை வந்தது. நம்ம சிவனுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைங்க. எபிரேய மொழியில் ஷிவா என்றால் ஏழு. சொன்ன தேதியில் திரும்பி வந்தார். அவர் டீம் ஆட்கள் யாரும் அவரிடம் அந்த ஏழு நாளில் ஒரு வேலை விஷயம்கூடக் கேட்கவில்லை.

அன்றைக்குத்தான் இதைப் படிக்க ஆரம்பித்தேன். ஒரு சந்தேகம் தோன்றியது. யூதர்களுக்கு வாரம் ஒருமுறை ஷபாத் என்ற ஓய்வுநாள் உண்டு, அது மகிழ்ச்சிக்கான நாள் என்பது தெரியும். ஏழு நாள் துக்கம் என்றால், எந்தக் கிழமையில் ஆரம்பித்தாலும் நடுவில் ஒரு சனிக்கிழமை வந்துதானே தீரும்? அன்றைக்கு அழ வேண்டுமா, கொண்டாட வேண்டுமா? இந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடியதுதான் இந்தக் கட்டுரை. எனக்கு எபிரேயம் தெரியாது, ஆங்கில மொழிபெயர்ப்பில் படித்ததுதான். கொஞ்சம் நீளம். டீ வாங்கிட்டு வந்து உட்காருங்க.

சட்டம் எங்கே இருக்கு?

யூதச் சட்டத்தை ஹலாகா என்பார்கள். 'நடப்பது' என்ற வேர்ச்சொல்லிலிருந்து வந்த பெயர். அடித்தளம் தோரா, அதாவது மோசேயின் ஐந்து நூல்கள். தமிழ் பைபிளில் ஆதியாகமம் முதல் உபாகமம் வரை. வாய்வழியாக வந்த சட்டங்களைச் சுமார் கி.பி. 200-இல் தொகுத்தது மிஷ்னா. அந்த மிஷ்னாவை வைத்துப் பல தலைமுறை அறிஞர்கள் பாபிலோனில், அதாவது இன்றைய ஈராக்கில், நடத்திய விவாதங்களின் பதிவு பாபிலோன் தல்மூத்.

நம்ம பாஷையில் சொன்னால் தோரா ஸ்பெக், மிஷ்னா அதற்கான டாக்குமென்ட், தல்மூத் அதன் மேல் நடந்த ரிவ்யூ. ரிவ்யூவில் தோற்றுப்போன கருத்தையும் அழிக்காமல் யார் சொன்னார் என்ற பெயரோடு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் விசேஷம்.

பிறகு 12ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியராக இருந்த மைமோனிடிஸ், சட்டம் முழுவதையும் தலைப்புவாரியாக அடுக்கி எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் கலிலேயாவின் சஃபேத் ஊரில் யோசேப்பு காரோ 'ஷுல்கான் ஆரூக்' என்ற தொகுப்பை எழுதினார். 'விரித்து வைத்த மேசை' என்று பொருள். 1565-இல் வெனிஸில் அச்சானது. போலந்தின் கிராகோவ் நகரத்து மோசே இஸ்ஸர்லெஸ் தங்கள் பக்கத்து வழக்கங்களை அதில் குறிப்புகளாகச் சேர்த்தார். இன்றும் ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் சந்தேகம் வந்தால் திறப்பது இந்தப் புத்தகத்தைத்தான். மற்ற பிரிவுகள் இதே வழக்கங்களைக் கூட்டியோ குறைத்தோ பின்பற்றுகிறார்கள். இந்த நூலில் ஷபாத் ஒரு பாகத்தில் வருகிறது, துக்கம் இன்னொரு பாகத்தில் வருகிறது. முதலில் தனித்தனியாகப் பார்ப்போம்.

ஓய்வு என்றால் சும்மா இருப்பதா?

ஷபாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கி, சனிக்கிழமை இரவு மூன்று நட்சத்திரங்கள் தெரியும்போது முடியும். சுமார் 25 மணி நேரம். பல ஊர்களில் சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்பே வீட்டில் விளக்கேற்றிவிடுவார்கள். எருசலேமில் 40 நிமிடம் முன்பே.

"வேலை செய்யக் கூடாது" என்று தோரா சொல்கிறது. எது வேலை? இதற்கான பதிலைக் கேட்டால் இன்ஜினியரிங் மாணவர்களுக்குப் பிடிக்கும். யாத்திராகமத்தில் ஆசரிப்புக் கூடாரம் கட்டுவதைப் பற்றிச் சொல்லும் இடத்தை ஒட்டியே ஓய்வுநாள் கட்டளையும் வருகிறது. அதனால் அந்தக் கூடாரத்துக்குத் தேவைப்பட்ட வேலை வகைகளே ஷபாத்தில் தடை என்று அறிஞர்கள் முடிவு செய்தார்கள். இவற்றுக்கு மெலாகா என்று பெயர். மிஷ்னா ஒரு பட்டியலே போடுகிறது. மொத்தம் 39.

உழுவது, விதைப்பது, அறுப்பது முதல் மாவு பிசைந்து சுடுவது வரை ரொட்டி சம்பந்தமாக 11. ஆட்டு மயிர் கத்தரிப்பது, நூல் நூற்பது, நெய்வது, தைப்பது என்று துணி சம்பந்தமாக 13. விலங்கைப் பிடிப்பது முதல் தோல் பதனிட்டு அதில் ரெண்டு எழுத்து எழுதுவது, அழிப்பது வரை 9. மீதி ஆறு: கட்டுவது, இடிப்பது, தீ மூட்டுவது, தீ அணைப்பது, ஒரு பொருளைச் செய்து முடிக்கும் கடைசிச் சுத்தியல் அடி, ஓர் எல்லையிலிருந்து இன்னோர் எல்லைக்குப் பொருளைக் கொண்டுபோவது.

இதில் கவனிக்க வேண்டியது, வேர்வைக்கும் மெலாகாவுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டுக்குள்ளேயே கனமான மேசையை நகர்த்தினால் இந்த 39-இல் அது வராது. ஒரு சின்னச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தால் வரும். எவ்வளவு ஆற்றல் செலவானது என்பது கேள்வியே இல்லை. உலகத்தில் ஒன்றை உருவாக்கினாயா, மாற்றினாயா என்பதுதான் கேள்வி. ஆறு நாள் உலகத்தை மாற்று, ஏழாம் நாள் அது இருக்கிறபடியே இருக்கட்டும்.

சரி, மின்சாரம்? பழைய பட்டியலில் அது இல்லை. இழை பல்பில் உலோகம் கனன்று எரிவதால் அது தீ மூட்டுவதில் சேரும் என்பது பலருடைய கருத்து. ஆனால் தீயே இல்லாத சர்க்யூட்? பினே பிராக் ஊரில் வாழ்ந்து 1953-இல் மறைந்த ஹஸோன் இஷ் என்ற அறிஞர், சர்க்யூட்டை முழுமையாக்குவது 'கட்டுவது' என்ற மெலாகா என்றார். எருசலேமின் ஷ்லோமோ ஸல்மான் ஆயர்பாக் அதை ஏற்கவில்லை. ஸ்விட்ச் என்பதே திறந்து மூடத்தானே இருக்கிறது, கதவைத் திறந்து மூடுவதை யாராவது கட்டுவது என்பார்களா என்பது அவர் வாதத்தின் சாரம். இருந்தாலும், நிலைபெற்றுவிட்ட வழக்கப்படி மின்கருவிகளைத் தொடாமல் இருப்பதே சரி என்று அவரும் சொன்னார். அதனால்தான் இஸ்ரேலில் பல அடுக்குமாடிகளில் பட்டனே அழுத்தாமல் தானாக ஒவ்வொரு மாடியிலும் நின்று போகும் ஷபாத் லிஃப்ட் இருக்கிறது. விளக்குகளுக்கு வெள்ளிக்கிழமையே டைமர் வைத்துவிடுவார்கள்.

இவ்வளவு கெடுபிடியான சட்டம் ஓர் இடத்தில் மட்டும் அப்படியே ஒதுங்கி நின்றுவிடும். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத்தை மீறலாம் என்பது இல்லை, மீறியே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் ஓட்டலாம், தீ அணைக்கலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். ஆபத்து உறுதியாகத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை, சந்தேகம் இருந்தாலே போதும்.

ஆனால் உயிர் போய்விட்டால்? தல்மூத் ஓர் ஒப்பீடு வைக்கிறது. பிறந்து ஒரே நாளான குழந்தை உயிரோடு இருந்தால் அதற்காக ஷபாத்தை மீறலாம். தாவீது அரசனே ஆனாலும் இறந்துவிட்டால் அவருக்காக மீறக் கூடாது. படிக்கும்போது எனக்கு இது கல்நெஞ்சாகத்தான் தெரிந்தது. இதை அப்படியே ஞாபகம் வச்சுக்கோங்க, தாவீதிடம் திரும்பி வருவோம்.

துக்கத்துக்கு ஒரு டைம்டேபிள்

இனி அடுத்த பாகம். அப்பா, அம்மா, மகன், மகள், சகோதரன், சகோதரி, கணவன் அல்லது மனைவி. இந்த ஏழு உறவுகளுக்குத்தான் சட்டப்படியான துக்கம்.

இறந்த நேரத்திலிருந்து அடக்கம் முடியும்வரை உள்ள கட்டம் அனினூத். இந்தக் கட்டத்தில் இருப்பவர் ஓனேன். தினசரி ஜெபம், ஆசீர்வாதங்கள் போன்ற கட்டளைகளிலிருந்து அவருக்கு விலக்கு. இறைச்சியும் திராட்சரசமும் கிடையாது. அடக்கத்துக்கான ஏற்பாடுதான் அவருடைய ஒரே வேலை. இந்த நேரத்தில் ஆறுதல் சொல்லப் போகக் கூடாது. உடல் கண்முன்னே கிடக்கும்போது ஆறுதல் எடுபடாது என்பது மிஷ்னா கால அறிவுரை.

அடக்கத்தைத் தள்ளிப்போட மாட்டார்கள். முடிந்தால் அன்றே, இல்லையென்றால் மறுநாள். எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிய வெள்ளைத் துணி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் இறுதிச்சடங்குச் செலவு சாவைவிடப் பெரிய அடியாக இருந்ததாம். உறவினர்கள் உடலைப் போட்டுவிட்டு ஓடும் அளவுக்கு. ரப்பான் கமாலியேல் என்ற பெரிய தலைவர், தன்னைச் சாதாரண லினன் துணியில் கொண்டுபோகச் சொன்னார். அவருக்கே அப்படி என்றால் மற்றவர்களுக்கு என்ன? பிறகு எல்லோரும் அதையே பின்பற்றினார்கள்.

துக்கம் காப்பவர் உடையைக் கிழித்துக்கொள்வார். இதற்கு கெரியா என்று பெயர். பெற்றோருக்காக இடப்பக்கம், இதயம் இருக்கும் பக்கம். மற்றவர்களுக்காக வலப்பக்கம். மற்றவர்களுக்காகக் கிழித்ததை 30 நாளுக்குப் பிறகு ஒழுங்காகத் தைத்துக்கொள்ளலாம். பெற்றோருக்காகக் கிழித்ததை என்றைக்குமே முழுசாகத் தைக்கக் கூடாது. மேலோட்டமாக இழுத்துப் பிடித்து ஒட்டுத்தையல் போடலாம், அவ்வளவுதான்.

அடக்கம் முடிந்ததும் ஷிவா. ஏழு நாள் வீட்டிலேயே தாழ்வான இருக்கையில் உட்கார வேண்டும். தோல் செருப்பு இல்லை, வேலை இல்லை, சுகத்துக்கான குளியல் இல்லை, தாம்பத்தியம் இல்லை. வேதப் படிப்புகூட இல்லை, ஏனென்றால் அது மனதுக்குச் சந்தோஷம் தருவது. யோபு, புலம்பல் மாதிரியான பகுதிகளைப் படிக்கலாம். திரும்பி வந்ததும் சாப்பிடும் முதல் சாப்பாடு தன் வீட்டுச் சாப்பாடாக இருக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் கொண்டுவர வேண்டும். முட்டையும் பருப்பும் வைப்பார்கள். மற்ற பயறுகளுக்கு ஒரு பிளவு, வாய் மாதிரி, இருக்குமாம். மைசூர்ப் பருப்பு வகைக்கு அது இல்லை. துக்கத்தில் இருப்பவருக்கும் வாய் இல்லை, பேச்சு இல்லை. அதனால் அது.

அடக்கத்திலிருந்து 30 நாள் ஷ்லோஷிம். முடி வெட்டுவதில்லை, சவரம் செய்வதில்லை, விசேஷங்களுக்குப் போவதில்லை. ஆனால் வேலைக்குப் போகலாம். மற்ற ஆறு... இல்லை, பெற்றோரைத் தவிர்த்த ஐந்து உறவுகளுக்கும் இதோடு துக்கம் முடிந்தது. பெற்றோருக்கு மட்டும் 12 மாதம் வரை விருந்து, கொண்டாட்டம் தவிர்ப்பார்கள்.

இந்தக் காலத்தில் பிள்ளைகள் சொல்லும் கதீஷ் என்ற ஜெபத்துக்குக் குறைந்தது பத்துப் பேர் கூட வேண்டும். அறைக்குள் தனியாகச் சொல்ல முடியாது. துக்கத்தில் இருப்பவர் தினமும் வெளியே வந்து பத்துப் பேரோடு நின்றே ஆக வேண்டும். அந்த ஜெபத்தில் மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. கடவுளைப் புகழ்வது மட்டும்தான். அதையும் 12 மாதம் சொல்வதில்லை, 11 மாதத்தில் நிறுத்திவிடுவார்கள். ஏன் தெரியுமா? பாவிகளுக்குத்தான் மறுமையில் முழுசாக 12 மாதம் தண்டனை என்று ஒரு மரபு. 12 மாதமும் சொன்னால், என் அப்பா அப்படிப்பட்டவர் என்று நாமே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் ஒரு மாதம் முன்பே நிறுத்துகிறார்கள்.

ரெண்டும் சந்திக்கும் இடம்

இப்போது நம் கேள்விக்கு வரலாம். ஷிவாவின் நடுவில் ஷபாத் வந்தால் என்ன?

மிஷ்னாவின் விதி ஒரே வரியில் அடங்கும். பண்டிகை ஷிவாவை முறிக்கும். ஷபாத் முறிக்காது, ஆனால் கணக்கில் சேரும். அதாவது ஷிவா தொடங்கிய பிறகு பஸ்கா போன்ற பெரிய பண்டிகை வந்தால் மீதி நாட்கள் ரத்து. நாலு நாள் பாக்கி இருந்தாலும் ரத்துதான். ஷபாத்துக்கு அந்தப் பலம் இல்லை. உரையாசிரியர்கள் சொல்லும் காரணம் சுலபமான கணக்கு: எந்த ஏழு நாளை எடுத்தாலும் அதில் ஒரு சனிக்கிழமை இருக்கும். ஷபாத் முறிக்கும் என்று வைத்தால் உலகத்தில் யாராலும் ஷிவாவை முடிக்கவே முடியாது.

அப்படியென்றால் அன்றைக்கு எப்படி இருப்பது? இங்கேதான் சட்டம் துக்கத்தை ரெண்டாகப் பிரிக்கிறது. வெளியே தெரியும் துக்கம், வெளியே தெரியாத துக்கம். ஷபாத்தில் முதல் வகை கிடையாது. கிழித்த உடையை மாற்றி நல்ல உடை போட வேண்டும், செருப்புப் போடலாம், சாதாரண நாற்காலியில் உட்காரலாம், ஜெப ஆலயத்துக்குப் போகலாம். ஆனால் யாருக்கும் தெரியாத கட்டுப்பாடுகள் அன்றும் அப்படியே இருக்கும். குளியல் இல்லை, தாம்பத்தியம் இல்லை, வேதப் படிப்பு இல்லை.

இதை ரெண்டு தடவை படித்தேன். "இன்றைக்கு ஒருநாள் துக்கத்தை மறந்துவிடு" என்று சட்டம் சொல்லவே இல்லை. மறக்க முடியாது என்று அதற்குத் தெரியும். எல்லோருடைய நாளான ஷபாத்தில் உன் துக்கத்தை வாசலில் காட்டாதே என்று மட்டும் கேட்கிறது. உள்ளே இருப்பதை உள்ளேயே இருக்கவிடுகிறது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல ஆலயங்களில் இது கண்முன்னே நடக்கும். ஷபாத்தை மணப்பெண்ணாக வரவேற்கும் 'லெகா தோதி' என்ற பாடல் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் சஃபேத்தில் ஷ்லோமோ அல்கபேட்ஸ் எழுதியது. உள்ளே எல்லோரும் பாடும்போது துக்கத்தில் இருப்பவர் வெளியே நிற்பார். பாட்டு முடிந்ததும் உள்ளே வருவார். கூட்டம் அவர் பக்கம் திரும்பி, சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கிப்பவர்களோடு சேர்த்து உங்களுக்கும் கடவுள் ஆறுதல் தரட்டும் என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லும். அதன்பின் அவர் போய்த் தன் இடத்தில் உட்காருவார். அதற்குப் பிறகு மறுநாள் இரவு வரை வெளிப்படையான துக்கம் இல்லை.

ரெண்டு கணக்கு

புரிந்ததா என்று பார்க்க ரெண்டு ப்ராப்ளம். அதற்கு முன் ஒரு விதி தேவை: நாளின் ஒரு பகுதி முழு நாளுக்குச் சமம். யூத நாள் சூரியன் மறையும்போது முடியும்.

முதல் கணக்கு. வெள்ளிக்கிழமை மாலை 5:30-க்கு அடக்கம் முடிந்து ஷிவாவில் உட்கார்கிறார்கள். சூரியன் மறைவது 6:15. ஷிவா எப்போது முடியும்? அந்த 45 நிமிடமே முதல் நாள். சனி ரெண்டாம் நாள். வியாழன் ஏழாம் நாள். ஏழாம் நாளிலும் காலை ஜெபத்துக்குப் பின் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். வியாழன் காலை 8:30-க்கு எழுந்துவிடலாம். மணிக்கணக்கில் பார்த்தால் 5 நாள் 15 மணி நேரம்தான்.

ரெண்டாவது கணக்கு. வெள்ளி மாலை தாமதமாக ஒருவர் இறக்கிறார். அன்று அடக்கம் செய்ய நேரமில்லை, ஷபாத்தில் அடக்கம் கிடையாது. ஞாயிறு காலைதான் முடியும். மகனின் நிலை என்ன? ஷபாத் தொடங்கும்வரை அவர் ஓனேன். ஷபாத் தொடங்கியதும் அந்த விலக்குகள் நிற்கும்: ஜெபிக்க வேண்டும், இறைச்சி சாப்பிடலாம், திராட்சரசம் குடிக்கலாம். சனி இரவு மறுபடி ஓனேன். ஞாயிறு அடக்கத்துக்குப் பின் ஷிவாவின் முதல் நாள். ஏழாவது நாள் எது? சனிக்கிழமை. இவருடைய ஷிவா ஒரு ஷபாத் காலையில் முடிகிறது.

விடை காலமும் நேரமுமாக முன்பே தெரிகிறது என்பதைக் கவனியுங்க. அந்த மகன் அந்த நிலையில் எதையும் தானாக முடிவெடுக்க வேண்டியதில்லை.

இன்னொன்று. ஷபாத்தின் முக்கியச் சட்டங்களில் சந்தேகம் வந்தால் கடினமான பக்கத்தை எடுப்பார்கள். துக்கத்தில் நேர்மாறு. 3ஆம் நூற்றாண்டு பாபிலோன் அறிஞர் சாமுவேல் சொன்ன விதி இது: துக்கச் சட்டத்தில் கருத்து வேறுபாடு வந்தால் எளிதான பக்கமே செல்லும். ஏற்கெனவே சுமை தூக்குபவன் மேல் சந்தேகத்தின் சுமையையும் ஏற்றுவதில்லை.

தாவீதின் உடல்

இப்போது தாவீதுக்கு வருவோம். தல்மூத் சொல்லும் கதைப்படி தாவீது இறந்ததே ஒரு ஷபாத்தில். அரண்மனைத் தோட்டத்தில் விழுந்து இறந்துவிட்டார். உடல் வெயிலில் கிடக்கிறது. ஷபாத்தில் நகர்த்தக் கூடாத பொருட்கள் என்று ஒரு வகை உண்டு. இறந்த உடலும் அதில் அடக்கம். மகன் சாலொமோன் கல்விக்கூடத்துக்கு ஆளனுப்பிக் கேட்கிறான்: அப்பா வெயிலில் கிடக்கிறார், வீட்டு நாய்கள் பசியோடு இருக்கின்றன, நான் என்ன செய்ய?

யோசிச்சுப் பாருங்க. அவன் அரசன். யாரையும் கேட்காமல் தூக்கியிருக்கலாம். கேட்டான். பதில் வந்தது: நாய்களுக்கு இறைச்சி வெட்டிப் போடு. அப்பாவின் மேல் ஒரு ரொட்டியையோ ஒரு குழந்தையையோ வைத்துத் தூக்கு.

ரொட்டியையும் குழந்தையையும் ஷபாத்தில் தூக்கலாம். உடல் அதோடு சேர்ந்து போகும். 'லூப்ஹோல்' என்று சிரித்துக்கொண்டே கடந்துபோகப் பார்த்தேன். ஆனால் இதை ஒட்டிய இன்னொரு விவாதத்தில் காரணமும் இருக்கிறது. வீடு பற்றி எரிகிறது, உள்ளே இறந்தவரின் உடல் இருக்கிறது. அதை வெளியே கொண்டுவர அனுமதிக்கலாம் என்கிறார் ஓர் அறிஞர். ஏன்? தன் வீட்டுச் சாவில் மனிதன் பதறிப்போயிருப்பான். இதை அனுமதிக்காவிட்டால் அவன் தீயையே அணைக்கப் போய்விடுவான், அது பெரிய மீறல். பதறிய மகன் என்ன செய்வான் என்பதை முன்பே யோசித்து, அவனுக்காக ஒரு சின்ன வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எனக்குக் கல்நெஞ்சாகத் தெரிந்த சட்டம் இதுதான்.

போதும் என்பதும் சட்டம்

துக்கத்துக்குக் கீழ் எல்லை மட்டுமில்லை, மேல் எல்லையும் உண்டு. மூன்று நாள் அழுகைக்கு, ஏழு நாள் புலம்பலுக்கு, முப்பது நாள் முடிக்கும் உடைக்கும். அதற்கு மேல் போனால், இறந்தவன் மேல் என்னைவிட உனக்கு அதிக இரக்கமா என்று கடவுள் கேட்பாராம். மைமோனிடிஸ் ரெண்டு பக்கத்தையும் சேர்த்தே எழுதுகிறார்: அளவுக்கு மேல் துக்கப்படாதே. அதே சமயம், சொன்ன அளவுக்குத் துக்கம் காக்காதவன் கொடூரன்.

என் ரூம்மேட் ஏழாம் நாள் லேப் எக்ஸாம் எழுதினான். பாஸ் ஆகிவிட்டான். அவனுக்கு அந்த மேல் எல்லையும் கீழ் எல்லையும் யாரும் சொல்லவில்லை. அவன் வீட்டில் சடங்குகள் எல்லாம் முறைப்படி நடந்தன. ஆனால் ஹாஸ்டலில் அதற்கு ஒரு தொடர்ச்சி இல்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அட்டெண்டன்ஸ் பர்சன்டேஜ்தான்.

நாம் போய் அடுத்தவர் சடங்கைச் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் துக்கம் விசாரிக்கப் போகிறவருக்கென்று ஹலாகாவில் ஒரு விதி இருக்கிறது: துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை வந்தவர் பேசக் கூடாது. யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்ததிலிருந்து எடுத்தது. என்ன சொல்வதென்று தெரியாதவர்களுக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. எதுவும் சொல்ல வேண்டாம். போய் உட்காரு, அவ்வளவுதான்.

இதைப் படித்த வாரம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போய்விட்டது. அவன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். நான் போன் டார்ச்சைப் போடாமல் எதிரே போய்த் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் பேசவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவனே ஆரம்பித்தான்.

"ஸ்கூல் படிக்கிறப்ப என் ரெக்கார்டு நோட்டுக்கெல்லாம் எங்கப்பாதான்டா அட்டை போடுவாரு. மூலையெல்லாம் அவ்ளோ ஷார்ப்பா மடிப்பாரு."

கரண்ட் வந்த பிறகும் அவன் பேசிக்கொண்டே இருந்தான்.